மரச்செக்கு எண்ணெய்க்கு மாறினால் எடை குறையுமா?

கேள்வி: வீட்டில் பெரியவர்கள் நான்கு பேர். மாதம் 5 லிட்டர் சன்ஃப்ளவர் எண்ணெயும் அரை கிலோ நெய்யும் ஆகிறது. எல்லோருக்கும் எடை ஏறிக்கொண்டே போகிறது. மரச்செக்குக் கடலை எண்ணெய்க்கு மாறினால் குறையும் என்கிறார்கள். விலை அதிகம்தான், மாறலாமா?

பதில்: எடைக்காக என்றால் வேண்டாம். செக்கில் ஆட்டினாலும் ஆலையில் சுத்திகரித்தாலும் ஒரு கிராம் எண்ணெய் தருவது 9 கலோரி. நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், ஆலிவ் எண்ணெய் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். செக்கு எண்ணெயில் மணம் உண்டு. அது பிடித்து வாங்கினால் தவறில்லை.

பார்க்க வேண்டியது அளவை. ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம். 5 லிட்டருக்கு 4,550 கிராம், நெய்யையும் சேர்த்தால் 5,050. நான்கு பேருக்கு, 30 நாளுக்கு வகுத்தால் ஆளுக்குத் தினம் 42 கிராம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், நாளுக்கு 2,000 கலோரி தேவைப்படுபவருக்குச் சொன்னது 27 கிராம். வெண்ணெயும் நெய்யும் இதில் அடக்கம். ஆக, ஒவ்வொருவரும் தினம் 15 கிராம், அதாவது 135 கலோரி கூடுதலாகச் சாப்பிடுகிறீர்கள். அதை எரிக்க அரை மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும்.

சோற்றோடு வரும் எண்ணெய் உடம்பில் சுலபமாகத் தங்கிவிடுவதற்குக் காரணம் உண்டு. மாவுச்சத்திலிருந்து வரும் குளுக்கோஸை உடம்பால் ஓரளவுக்கு மேல் சேர்த்துவைக்க முடியாது, அதனால் முதலில் அதைத்தான் எரிக்கும். சாப்பிட்டதும் சுரக்கும் இன்சுலின், ஏற்கெனவே உள்ள கொழுப்பு வெளியே வருவதைத் தடுத்து, புதிதாக வந்ததையும் கொழுப்புத் திசுவுக்குள் அனுப்புகிறது. புரதத்தைச் செரித்துப் பயன்படுத்த அதன் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் செலவாகும். கொழுப்புக்கோ 3 சதவீதம்கூடத் தாண்டாது. இரவில், வயிறு காலியாக இருக்கும்போது, சேர்ந்த கொழுப்பு வெளியே வந்து எரியும். பகலில் போட்டது அதைவிட அதிகமாக இருந்தால் மிச்சம் இடுப்பில்தான்.

செய்ய வேண்டியது இது. மாதத்துக்கு 3 லிட்டர் எண்ணெய், அரை கிலோ நெய். ஒரே மாதத்தில் இறங்கினால் சமையலில் தடுமாறுவீர்கள், முதல் மாதம் 4 லிட்டர் வாங்குங்கள். 3 லிட்டர் என்றால் நாளுக்கு 100 மில்லி, அரை டம்ளர். காலையில் அதை ஒரு சின்னப் பாட்டிலில் ஊற்றி அடுப்பருகே வையுங்கள். பெரிய கேனிலிருந்து நேராக வாணலியில் ஊற்றும் வீட்டில் அளவு நிற்காது. முதலில் கை வைக்க வேண்டியது தோசையில்: தோசைக்கு ஒரு டீஸ்பூன், 5 மில்லி, என்றால் 12 தோசைக்கே 60 மில்லி போய்விடும். பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய்த்தால் மிகக் கொஞ்சமே போதும். காரக்குழம்பில் மேலே மிதக்கும் எண்ணெயைக் குழம்பு ஆறியதும் கரண்டியால் எடுத்து, மறுநாள் தாளிக்க வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: மாவுச்சத்தைக் குறைக்கும் பேலியோ உணவுமுறையில் நெய், வெண்ணெய் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம், சோற்றை விட்டால் போதும் என்கிறார் நண்பர். பாதாமும் நெய்யுமாக மாதச் செலவு எகிறுகிறது. பலன் உண்டா?

பதில்: எடை குறையும், ஆனால் நெய்யால் அல்ல. மாவுச்சத்தை விட்டதும் பசி அடங்கி, மொத்தத்தில் குறைவாகச் சாப்பிடுவதால். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 609 பேரைக் கொண்டு ஓராண்டு நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இழந்தார்கள். புள்ளியியல் கணக்கில் அது வித்தியாசமே இல்லை. கடைசிவரை உங்களால் கடைப்பிடிக்க முடிவதையே தேர்ந்தெடுங்கள். பலர் சறுக்குவது வேறு இடத்தில்: மூன்றாவது மாதம் சோறும் இட்லியும் திரும்பி வந்துவிடும், நெய் மட்டும் பழைய அளவிலேயே தொடரும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மாவுச்சத்தை வெட்டக் கூடாது. ரத்தச் சர்க்கரை ஆபத்தாக இறங்கிவிடும்.

கேள்வி: ‘லைட்’, ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்றெல்லாம் எழுதிய எண்ணெயில் எதை நம்புவது?

பதில்: முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் பாருங்கள். ஊட்டச்சத்து அட்டவணையில் எந்த எண்ணெய்க்கும் 100 கிராமுக்குச் சுமார் 900 கலோரி இருக்கும். ‘லைட்’ என்பது நிறத்தையும் மணத்தையும் குறிக்கலாம், கலோரியை அல்ல. தாவர எண்ணெயில் கொலஸ்ட்ரால் பேருக்குக்கூடக் கிடையாது. அதை எழுதிக் கூடுதல் விலை கேட்பது நியாயமில்லை. கலப்பு எண்ணெய் என்றால் எந்த எண்ணெய் எத்தனை சதவீதம் என்று படியுங்கள்.

அதைவிட முக்கியம் நிகர எடை. ஒரு லிட்டர் பாக்கெட்டைப் போலவே தோன்றும் பாக்கெட்டில் 800 அல்லது 850 கிராம் இருக்கக்கூடும். இரண்டு பிராண்டை ஒப்பிடும்போது விலையை எடையால் வகுத்துப் பாருங்கள். எடையில் குறை இருந்தால் பில்லோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

கேள்வி: வடை, பூரி எண்ணெய் குடிக்காமல் இருக்க ஏர் ஃப்ரையர் வாங்கலாமா?

பதில்: உருளைக்கிழங்கு, மீன், சிக்கனுக்கு நன்றாகவே உதவும். உளுந்து மாவு தளர்வானது, கூடையில் வடிவம் நிற்காது. பூரியும் எண்ணெயில் உப்புவதுபோல் வராது. மாதம் இரண்டு முறை வடை சுடும் வீட்டுக்கு அந்தச் செலவு தேவையில்லை.

வாணலியிலேயே குறைக்க வழி இருக்கிறது. எண்ணெய் பெரும்பாலும் உள்ளே போவது வேகும்போது அல்ல, வெளியே எடுத்த பிறகு. வேகும்போது உள்ளிருந்து வரும் நீராவி எண்ணெயை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். ஆறும்போது அது அடங்க, மேலே ஒட்டிய எண்ணெய் உள்ளே உறிஞ்சப்படும். ஆகவே எடுத்த உடனே கரண்டியை நன்றாக உதறி, சூடு ஆறுமுன் தாளில் பரப்பி மேலேயும் ஒற்றி எடுங்கள். குவித்து வைக்காதீர்கள். எண்ணெய் 170 முதல் 180 டிகிரி சூட்டில் இருக்கட்டும். ஒரே நேரத்தில் நிறையப் போட்டால் சூடு இறங்கி, மேலே தோல் கட்டத் தாமதமாகும், எண்ணெயும் கூடுதலாக ஏறும்.