காசு கட்டி வேலைக்குப் போன பையன்கள்

அன்புள்ள ஐயா,

பின்லாந்தைச் சேர்ந்த ஓலந்து தீவின் கப்பல் முதலாளி குஸ்தாஃப் எரிக்சனைப் பற்றிப் படித்தேன். ஒன்பது பத்து வயதில் கப்பலில் எடுபிடியாகச் சேர்ந்தவர், பின்னாளில் உலகத்திலேயே பெரிய பாய்மரக் கப்பல் கூட்டத்தை வைத்திருந்தார். யார் தயவும் இல்லாமல் தனி ஆளாக உயர்ந்த மனிதர்! என் மகன் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். படிப்பை நிறுத்திவிட்டுத் தொழில் தொடங்குவேன் என்கிறான். எரிக்சனைப் படித்த பிறகு, சரி போகட்டும் என்று தோன்றுகிறது. உங்கள் கருத்து என்ன? அவர் கஞ்சர் என்கிறார்களே, உண்மையா? வ.உ.சி.யோடு அவரை ஒப்பிடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கஞ்சர்தான். வ.உ.சி.யை இதில் இழுக்காதீர்கள். இருவரும் கப்பல் விட்டார்கள் என்பதைத் தவிர ஒப்பிட ஒன்றுமில்லை.

தனி ஆளாக உயர்ந்தார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் நான் விடப்போவதில்லை. வெற்றி பெற்றவர்களின் கதையை நாம் படிக்கும் விதத்தைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே எரிச்சலில் இருக்கிறேன். உங்கள் கடிதம் சரியான நேரத்தில் வந்து மாட்டிக்கொண்டது.

எரிக்சன் 1872ல் ஓலந்தின் லெம்லாண்டில் பிறந்தார். கடலோடிக் குடும்பம். ஓலந்து விவசாயிகள் விறகையும் மீனையும் சொந்தப் படகில் ஏற்றி ஸ்டாக்ஹோமுக்குக் கொண்டுபோய் விற்றவர்கள். பிறகு ஊர்க்காரர்கள் பங்கு போட்டுக் கப்பல் வாங்கினார்கள். மற்ற நாட்டுக்காரர்கள் கழித்துக் கட்டியதை மலிவாக வாங்கி ஓட்டுவது அந்தத் தீவின் பழைய வித்தை. 1913ல் எரிக்சன் முதலாளி ஆனபோது, ஓலந்தின் தலைநகரான மரியாஹாம்னில் அவருக்கு முன்பே கப்பல் முதலாளிகள் இருந்தார்கள். அவர் பூஜ்யத்திலிருந்து தொடங்கவில்லை, ஐயா. ஊரே சேர்ந்து போட்ட கோலத்தில் அவர் கடைசிப் புள்ளியை வைத்தார்.

அவருடைய மூளையைக் குறைத்துச் சொல்லவில்லை. 1914ல் பனாமா கால்வாய் திறந்தது. நீராவிக் கப்பல்களுக்குப் பயணத் தூரம் குறைந்தது. பாய்மரக் கப்பல்களை எல்லோரும் தள்ளிவிடப் பார்த்தார்கள். எரிக்சன் வாங்கினார். ஜெர்மானியர்கள் பயிற்சிக் கப்பலாக 1902ல் கட்டிய ஹெர்சோகின் செசிலி 1921ல் அவருக்கு வெறும் 4,250 பவுண்டுக்குக் கிடைத்தது. அதற்கு நான்கு பாய்மரங்கள், 4,000 டன் கோதுமை பிடிக்கும் வயிறு.

அந்தக் கோதுமைக் கணக்குதான் அழகு. தெற்கு ஆஸ்திரேலியாவில் ஸ்பென்சர் வளைகுடா என்று ஒன்று. அங்கே விக்டோரியா, ஜெர்மைன் என்று சின்னச் சின்னத் துறைமுகங்கள். பல இடங்களில் ஆழம் போதாது. மூட்டைகளைச் சிறு படகுகளில் கொண்டுவந்து பெரிய கப்பலில் ஏற்ற வேண்டும், வாரக்கணக்கில் ஆகும். நீராவிக் கப்பல் அப்படிக் காத்துக் கிடந்தால் முதலாளிக்கு நெஞ்சு வலிக்கும். பாய்மரக் கப்பலுக்குக் கரிச் செலவு கிடையாது, நிற்கட்டும். ஏற்றியதும் தென் அமெரிக்காவின் தெற்கு முனையான கேப் ஹார்னைச் சுற்றி நூறு நாளைக்கு மேல் பயணம். அதுவும் நஷ்டமில்லை. கப்பல் கடலில் இருக்கும்போதே கோதுமை கைமாறும், வாடகையில்லாத கிடங்கு. இங்கிலாந்தில் ஃபால்மத் வந்து நின்ற பிறகுதான் எந்த ஊரில் இறக்குவது என்று கேப்டனுக்கே தகவல் வரும். எந்தக் கப்பல் முதலில் வரும் என்று பத்திரிகைகள் இதைக் கோதுமைப் பந்தயமாக்கி எழுதித் தீர்த்தன. அவசரமே இல்லாத சரக்குக்குப் பந்தயம்!

காப்பீடும் எடுக்க மாட்டார். பிரீமியம் கட்டுகிற காசுக்கு இன்னொரு பழைய கப்பல் வாங்கிவிடலாம் என்கிற ரகம். 1936 ஏப்ரலில் ஹெர்சோகின் செசிலி இங்கிலாந்தின் டெவன் கரையில் பாறையில் மோதியது. நனைந்த கோதுமை ஊதி நாறியது. நஷ்டம் முழுக்க அவர் தலையில். தாங்கிக்கொண்டார்.

எல்லாம் சரி, அந்தக் கப்பலை ஓட்டியது யார்? முப்பது பேருக்குள். பெரும்பாலும் இருபதைத் தொடாத, அல்லது இப்போதுதான் தொட்ட பையன்கள். அதிகாரி ஆவதற்கான சான்றிதழுக்குப் பாய்மரக் கப்பலில் வேலை பார்த்திருக்க வேண்டும் என்று அப்போது சில நாடுகளில் விதி. அதனால் பல நாட்டுப் பையன்கள் எரிக்சனிடம் வந்தார்கள். பயிற்சி மாலுமியாகச் சேர அவர்களே பணம் கட்ட வேண்டும். பணத்தையும் கட்டிவிட்டு, ராத்திரியில் பனிப்புயலில் நூற்றைம்பது அடி உயரத்தில் ஏறி, உறைந்து பலகையாகிப்போன பாயை நகம் பிய்யச் சுருட்ட வேண்டும். கால் தவறியவர்களும் உண்டு. இவர்கள் இல்லாமல் எரிக்சனின் கணக்கு ஒரு வருஷம்கூட நின்றிருக்காது. நீங்கள் அனுப்பிய கடிதத்தில் இவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

பள்ளி முடித்த விடுமுறையில் நான் ஓர் அச்சகத்தில் தொழில் பழகப் போனேன். அச்சாகி முடிந்த பக்கத்தைப் பிரித்து, ஈய எழுத்துகளை அந்தந்த அறையில் போடுவது வேலை. இடவலம் மாறித் தெரியும் 'ன'வையும் 'ண'வையும் மாற்றிப் போட்டால் குட்டு விழும். சோற்றைப் பிசையும்போதுகூட விரலில் மை வாடை அடிக்கும். சம்பளம் கிடையாது. "தொழில் கத்துத் தர்றேனே, நியாயமா நீதாண்டா எனக்குக் காசு தரணும்" என்பார் முதலாளி. கற்றுக்கொண்டேன், மறுக்கவில்லை. பின்னாளில் அவருடைய அறுபதாம் கல்யாண மலரில் 'ஒற்றை ஆளாய் நின்று உருவாக்கிய அச்சகம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த எழுத்துகளைக் கோத்ததும் எவனோ ஒரு சம்பளமில்லாத பையனாகத்தான் இருக்கும்.

எரிக்சன் 1947ல் இறந்தார். போருக்குப் பின் கூலியும் செலவும் ஏறிவிட்டன. 1949ல் பமீர், பஸ்ஸாட் என்ற அவருடைய கப்பல்கள் இரண்டு கடைசியாகக் கோதுமை ஏற்றி வந்தன. அதோடு அந்தக் கணக்கு முடிந்தது. பொம்மெர்ன் என்ற அவருடைய கப்பல் மரியாஹாம்னில் அருங்காட்சியகமாக நிற்கிறது.

உங்கள் மகன் விஷயம். கோபித்துக்கொள்ளாதீர்கள், நல்ல அப்பா நீங்கள். இல்லாவிட்டால் இவ்வளவு தவித்துக் கடிதம் எழுத மாட்டீர்கள். ஆனால் என்ன தொழில் என்று ஒரு வார்த்தை எழுதவில்லையே? முக்கால் நூற்றாண்டுக்கும் முன் செத்துப்போன கப்பல்காரரைப் படிக்கிற நேரத்தில் பையனிடம் கேட்டிருக்கலாம். முதல் ஆறு மாதம் யார் யாருக்கு எவ்வளவு சம்பளம் தருவான் என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். 'ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேர் சும்மா வந்து செய்றாங்கப்பா' என்று சொன்னானென்றால், அந்த இரண்டு பேரின் அப்பாக்களிடமும் ஒரு வார்த்தை பேசிவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.