மின்தூண்டி (கம்பிச் சுருள்): வாசகர் கேள்விகள்

கே: ரிலேயை அணைக்கும்போதெல்லாம் அதை இயக்கும் டிரான்சிஸ்டர் எரிந்துபோகிறது. ஏன்?

ப: ரிலே சுருளுக்குக் குறுக்கே டயோடு போடவில்லை. சுருளில் ஓடும் மின்னோட்டம் சட்டென்று நிற்காது. வழியை அடைத்தால் மின்னழுத்தம் எகிறும். 12 வோல்ட் ரிலேகூட நூறு வோல்ட்டைச் சாதாரணமாகத் தாண்டும். ஒரு 1என்4007 டயோடு போதும். கோடு போட்ட முனை பிளஸ் பக்கம்.

கே: மல்டிமீட்டரில் மின்தூண்டிச் சுருள் 0 ஓம் காட்டுகிறது. ஷார்ட்டா?

ப: செப்புக் கம்பி வேறு எதைக் காட்டும்? கம்பி அறுந்திருக்கிறதா என்பதை மட்டுமே மல்டிமீட்டர் சொல்லும். சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் தூண்டலை அளக்கும் எல்சிஆர் மீட்டர் வேண்டும்.

கே: 12 வோல்ட்டை 5 ஆக்கும் எல்எம்2596 போர்டில், பழுதான சுருளுக்குப் பதில் புதிய 33 மைக்ரோஹென்றி சுருள் போட்டேன். சுண்டைக்காய் அளவுதான். 2 ஆம்பியர் இழுத்தால் தொட முடியாமல் சுடுகிறது. மதிப்பு சரிதானே?

ப: மதிப்பு சரி, சுருள் தவறு. கடையில் "33 மைக்ரோஹென்றி ஒன்று" என்று மட்டும் கேட்டு, கொடுத்ததை வாங்கி வரும் பழக்கத்தை எத்தனை முறை கண்டித்தாலும் அதே கடிதம் வந்துகொண்டே இருக்கிறது. தெவிட்டு மின்னோட்டத்தையும் (உள்ளகம் அதற்கு மேல் காந்தமேறாத எல்லை) கம்பியின் மின்தடையையும் கேட்காமல் மின்தூண்டி வாங்காதீர்கள்.

உங்கள் கணக்கையே பாருங்கள். அந்தச் சிப் 150 கிலோஹெர்ட்ஸில் இயங்குகிறது. 33 மைக்ரோஹென்றியில் மின்னோட்டம் சுமார் 0.6 ஆம்பியர் ஏறி இறங்கும். சுமை 2 என்றால் உச்சம் 2.3. அந்த அளவுச் சுருள் பெரும்பாலும் 1 ஆம்பியரைத் தாண்டியதுமே தெவிட்டிவிடும். ஃபெரைட் உள்ளகம் தெவிட்டினால் தூண்டல் எண் (அந்த 33 மைக்ரோஹென்றி) மளமளவென்று சரியும். பிறகு சிப்புக்கு அது வெறும் கம்பி. மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் ஏற, சுருளோடு சிப்பும் சேர்ந்து சுடும். 3 ஆம்பியருக்குக் குறையாத தெவிட்டு மின்னோட்டம் உள்ளதாக வாங்குங்கள். இரும்புத்தூள் உள்ளகம் என்றால் தூண்டல் மெல்லத்தான் குறையும். ஃபெரைட்போலத் திடீரென்று கைவிடாது.

கே: என் சர்க்யூட் வேலை செய்யவில்லை. எந்தச் சுருளைப் போடலாம்?

ப: என்ன சர்க்யூட்? எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், எந்த அதிர்வெண்? இவை இல்லாத கடிதத்துக்குப் பதில் கிடையாது.

கே: எரியும் ட்யூப் லைட்டில் ஸ்டார்ட்டரைக் கழற்றினாலும் எரிகிறது. சோக் என்னும் சுருளையும் எடுத்துவிடலாமா?

ப: கூடவே கூடாது. ஸ்டார்ட்டரின் வேலை விளக்கைப் பற்றவைப்பதோடு சரி. எரியத் தொடங்கிய குழாயில் மின்னோட்டத்தை 0.4 ஆம்பியர் அளவில் பிடித்து நிறுத்துவது சோக்தான். அது இல்லாமல் 230 வோல்ட்டில் நேராக இணைத்தால் குழாய் அந்தக் கணமே பாழ்.

கே: இரண்டு சுருள்களை அருகருகே வைக்கலாமா?

ப: ஒன்றுக்கொன்று செங்குத்தாகத் திருப்பி வையுங்கள். டொராய்டு (வளைய வடிவச் சுருள்) என்றால் அவ்வளவு கவலை வேண்டாம். ஆனாலும் அதன் தெவிட்டு மின்னோட்டத்தைப் பார்த்து வாங்குங்கள்.