"எல்லாத்துலயும் பாஸ்தான் சார், ஆனா பேர் வரலை": அக்னிவீர் உடல் தகுதித் தேர்வின் மார்க் கணக்கு

அம்மா, நீங்கள் அனுப்பியதை இரண்டு முறை படித்தேன். பையன் போன தடவை ஆர்மி ஆள்சேர்ப்பு முகாமில் 1600 மீட்டர் ஓடி முடித்தான், பீம் (கம்பியில் தொங்கித் தாடை கம்பிக்கு மேலே வரும்வரை உடம்பைத் தூக்குவது) எடுத்தான், பள்ளம் தாண்டினான், மெடிக்கலிலும் ஒரு குறையும் சொல்லவில்லை, ஆனால் கடைசி லிஸ்டில் பெயர் இல்லை. "எல்லாத்துலயும் பாஸ்தான் சார், அப்புறம் எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, தெரிந்தவர் ஒருவர் கொஞ்சம் செலவு செய்தால் பிசிக்கல் மார்க்கை ஏற்றிவிடலாம் என்று சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்தத் தெரிந்தவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஏன் என்பதைக் கணக்காகவே காட்டுகிறேன், நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு நீங்களே போட்டுப் பாருங்கள்.

அக்னிவீர் ஜெனரல் டியூட்டிக்கு, அதாவது பையன்கள் "ஜிடி" என்று சொல்லும் பொதுப்பணிச் சிப்பாய் வேலைக்கு, உடல் தகுதித் தேர்வு 100 மார்க். அதில் ஓட்டத்துக்கு 60, பீமுக்கு 40. ஒன்பது அடிப் பள்ளம் தாண்டுவதற்கும் ஜிக்-ஜாக் பேலன்ஸுக்கும் (வளைந்து போகும் குறுகிய கட்டையில் விழாமல் நடப்பது) மார்க் கிடையாது, தேறினால் போதும், தேறாவிட்டால் வெளியே. இந்த 100 மார்க் எழுத்துத் தேர்வு மார்க்கோடு சேர்ந்துதான் மெரிட் லிஸ்ட் ஆகிறது. உங்கள் பையன் பாஸ் ஆனான் என்பது உண்மைதான், லிஸ்டுக்குள் வரும் அளவு மார்க் வாங்கினானா என்பது வேறு கேள்வி. (கிளார்க், ஸ்டோர் கீப்பர் பிரிவுக்குப் போகிறவர்களுக்கு இந்தத் தேர்வில் தேறினாலே போதும். உங்கள் பையன் ஜிடி என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.)

நம் ஊர்ப் பையன்கள் நிறைய பேர் போலீஸ் வேலைக்கும் ஆர்மிக்கும் ஒரே கிரவுண்டில் தயாராகிறார்கள். தமிழ்நாடு போலீஸ் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடித்தால் அந்தக் கட்டம் தாண்டியாச்சு, அதற்கு மேல் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அதில் கூடுதலாக எதுவும் வராது. அந்தப் பழக்கத்தில் ஆர்மி ஓட்டத்தையும் "டைமுக்குள்ள முடிச்சா சரி" என்று நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே டைமுக்குள் நாலு கட்டம் இருக்கிறது. 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் 60 மார்க். 5:31 முதல் 5:45 வரை 48. 5:46 முதல் 6 நிமிடம் வரை 36. 6:01 முதல் 6:15 வரை 24. முன்பெல்லாம் முதல் இரண்டு கட்டம்தான், 5:45-க்கு மேல் போனால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 2025 அறிவிப்பில்தான் கடைசி இரண்டு கட்டத்தையும் சேர்த்தார்கள். அது வந்த பிறகு "இப்ப ஈஸி ஆயிடுச்சு" என்று ஒரு பேச்சு கிளம்பியது. ஓடி முடிப்பது எளிதானது வாஸ்தவம், மார்க் வாங்குவது கொஞ்சமும் எளிதாகவில்லை.

பீமும் அப்படித்தான். 10 எடுத்தால் 40, 9-க்கு 33, 8-க்கு 27, 7-க்கு 21, 6-க்கு 16. ஆறுக்குக் கீழே போனால் அதோடு முடிந்தது.

இப்போது உங்கள் பையன் சொன்ன நம்பரைப் போடுவோம். ஓட்டம் 5:50, அது 36. பீம் 7, அது 21. மொத்தம் 57. அதே மைதானத்தில் 5:29-ல் ஓடி 10 பீம் எடுத்த பையனுக்கு 100. இருவரும் பாஸ். நடுவில் 43 மார்க். எழுத்துத் தேர்வில் இந்த 43-ஐ ஈடுகட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அவனையே கேளுங்கள். பெயர் ஏன் வரவில்லை என்பதற்கு இதற்கு மேல் ரகசியம் எதுவும் தேவையில்லை, புரோக்கர் சொல்கிற மாதிரி உள்ளே யாரோ மார்க்கை மாற்றியிருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது, மார்க் சரிவுப் பாதை மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதில்லை, படிக்கட்டு மாதிரி ஏறுகிறது. 5:59-க்கும் 36, 5:46-க்கும் 36, ஆனால் 5:45 என்றால் 48. அந்த ஒரு விநாடி 12 மார்க். பீமில் 8-லிருந்து 10-க்குப் போனால் 13 மார்க் கிடைக்கும், ஏறக்குறைய அவ்வளவு மார்க்கை ஓட்டத்தில் ஒரு விநாடி கொடுக்கிறது அல்லது பிடுங்குகிறது. அதனால் "இன்னும் வேகமா ஓடு" என்று பையனைப் பொதுவாக விரட்டுவதில் பிரயோஜனம் இல்லை. அவன் எந்தப் படியில் நிற்கிறான், அடுத்த படி எத்தனை விநாடி தள்ளி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

உங்கள் பையனுக்கு அடுத்த படி 5 விநாடி. 1600 மீட்டர் என்பது 400 மீட்டர் மைதானத்தில் நாலு சுற்று, அப்படியென்றால் சுற்றுக்கு ஒன்றேகால் விநாடி. இது முடியாத காரியமே இல்லை. அதற்கும் அடுத்த படியான 5:30-க்கு 20 விநாடி குறைக்க வேண்டும், சுற்றுக்கு 5 விநாடி. அது வேறு ரக உழைப்பு, மாசக்கணக்கில் ஆகும், சிலருக்கு வரவே வராது. பீமில் 7-லிருந்து 10-க்குப் போனால் 19 மார்க். நான் அவனிடத்தில் இருந்தால் முதல் மூன்று மாதம் பீமைத்தான் பிடிப்பேன். பீம் 10, ஓட்டம் 5:42 என்று கொண்டுவந்தால் 88. 57 எங்கே, 88 எங்கே. 5:30-ஐ அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் அவன் சொல்கிற 5:50 உண்மையான 5:50தானா? இதைக் கேட்டால் பையன்களுக்குக் கோபம் வரும். சில வருடங்களுக்கு முன் ஒரு பையன் என்னிடம் 5:20 ஓடுகிறேன் என்று வந்தான். நல்ல ஓட்டக்காரன்தான், முகத்திலேயே தெரிந்தது. ஓடுவது எங்கே என்று கேட்டேன், பக்கத்துப் பள்ளி மைதானம், நாலு சுற்று என்றான். அந்த மைதானத்தை 400 என்று யார் அளந்தது என்று கேட்டால் பதில் இல்லை, சீனியர் பையன்கள் சொன்னார்களாம். மேஸ்திரி ஒருவரிடம் 30 மீட்டர் டேப் வாங்கிக்கொண்டு போய் இருவரும் குனிந்து குனிந்து அளந்தோம். ஒரு சுற்று 370 மீட்டர். அவன் ஓடியது 1600 இல்லை, 1480. அதே வேகத்தில் மிச்சம் 120 மீட்டரையும் ஓடினால் 5:46 வருகிறது. 60 மார்க் என்று நம்பிக்கொண்டிருந்தவன், அப்போதைய விதிப்படி 5:45-ஐத் தாண்டியதால் வெளியே; இன்றைய கணக்கிலும் 36தான். அன்றைக்கு அவன் என்னோடு சரியாகப் பேசவில்லை. முகாமில் போய்த் தெரிந்துகொள்வதைவிட அது பரவாயில்லை என்றுதான் இன்னமும் நினைக்கிறேன்.

மைதானம் சரியாக இருந்தாலும் முதல் சுற்றில் கோட்டை விடுகிறவர்கள் நிறைய. முகாமில் தனித்தனியாக ஓடவிடுவதில்லை, கூட்டமாக விடுவார்கள், எல்லோரும் முன்னால் போகத் துடிப்பார்கள். பையன் அந்த வேகத்தில் முதல் சுற்றை 70 விநாடியில் முடித்துவிட்டு, மூன்றாவது சுற்றில் கால் கல்லாகி நின்றுவிடுவான். 5:30-க்குள் ஓடுவதற்குச் சுற்றுக்கு 82 விநாடி போதும். 80, 83, 84, 82 என்று ஓடினால் 5:29. பயிற்சியில் வாரத்துக்கு ஒரு நாள் 400 மீட்டரை மட்டும், நடுவில் இளைப்பாறி, ஐந்தாறு தடவை இலக்கு வேகத்தில் ஓடச் சொல்லுங்கள். 5:42-க்கு அது எண்பத்தைந்தரை விநாடி. அந்த வேகம் எப்படி இருக்கும் என்று உடம்புக்கே தெரிந்துவிட வேண்டும், கடிகாரத்தைப் பார்த்துத் தெரியக் கூடாது. இன்னொரு நாள் மெதுவாக ஐந்தாறு கிலோமீட்டர். ஒரு நாள் முழு ஓய்வு. தினமும் 1600 மீட்டரை உயிரைக் கொடுத்து ஓடிப் பார்ப்பது பயிற்சியே இல்லை, தினமும் பரீட்சை எழுதுகிற மாதிரி.

முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் வலி என்று சொன்னால் மட்டும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள், தைலம் தேய்த்துவிட்டு மறுநாள் தார் ரோட்டில் ஓட அனுப்பாதீர்கள். ஊக்க ஊசி, பவுடர், மாத்திரை என்று கிரவுண்டில் யாராவது கொடுத்தால் தொடவே கூடாது.

பீமுக்கு ஜிம் தேவையில்லை, கனமான ஓர் இரும்புக் குழாய் போதும். ஆனால் வீட்டில் எண்ணுகிற பீமும் முகாமில் எண்ணுகிற பீமும் ஒன்றல்ல. கை முழுசாக நீண்டு தொங்க வேண்டும், அங்கிருந்து தாடை கம்பிக்கு மேலே வர வேண்டும், காலை உதைத்து ஆடி ஏறினால் எண்ண மாட்டார்கள். நண்பர்கள் "பன்னெண்டுடா!" என்று கத்துகிற 12-ல் ஒழுங்கானது சில நேரம் 7 தான் இருக்கும். அதைவிட முக்கியம், முகாமில் பீம் ஓட்டத்துக்கு அப்புறம்தான் வரும், மூச்சு இன்னும் முழுசாக அடங்கியிருக்காது. அதனால் காலையில் ஃப்ரெஷ்ஷாக 10 எடுத்தால் போதாது, 13 எடுக்கத் தெரிந்தவனுக்குத்தான் அங்கே 10 வரும். ஏழில் நிற்கிறவனுக்கு ஒரு வழி சொல்கிறேன்: ஸ்டூல் போட்டுத் தாடையைக் கம்பிக்கு மேலே கொண்டுபோய், அங்கிருந்து ஐந்து விநாடி எண்ணிக்கொண்டே மெதுவாக இறங்கச் சொல்லுங்கள். ஏற முடியாத கைக்கும் இறங்க முடியும், இறங்கி இறங்கித்தான் ஏறும் பலம் வருகிறது. ஒரே மூச்சில் எடுத்துக் களைப்பதைவிட, நாளைக்கு நாலைந்து தடவையாகப் பிரித்துச் செய்வது நல்லது.

இன்னொரு பக்கமும் உண்டு. 5 நிமிடத்தில் ஓடினாலும் அதே 60தான், 15 பீம் எடுத்தாலும் அதே 40தான். சில பையன்கள் முதல் ஆளாக வர வேண்டும் என்று ஓட்டத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் பீமில் 7-ல் தொங்குவார்கள். 5:30-க்குள் தாராளமாக வரக்கூடியவன் கடைசி 200 மீட்டரில் யாரோடும் போட்டி போடத் தேவையில்லை, கைக்கு மிச்சம் வைக்கட்டும்.

உயரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் பக்கத்துக்கு ஜிடி என்றால் 166 சென்டிமீட்டர், மார்பு 77, மூச்சை இழுத்தால் 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும். போன தடவை அளந்து தேறியவன்தானே, கவலை வேண்டாம். புதிதாகத் தயாராகிற தம்பி யாராவது வீட்டில் இருந்தால் ஓட ஆரம்பிக்கும் முன்பே சுவரில் நிறுத்தி அளந்துவிடுங்கள், 163 வந்தால் ஜிடியை விட்டுவிட்டு, 162 கேட்கும் கிளார்க் பிரிவுக்குப் படிக்கச் சொல்லலாம். காதில் அழுக்கை டாக்டரிடம் காட்டி எடுத்துவிடுங்கள், அது சின்ன விஷயம்தான், ஆனால் மெடிக்கலில் இழுத்தடிக்கும். புது வருட அறிவிப்பு வந்ததும் ஜாயின் இந்தியன் ஆர்மி தளத்தில் மார்க் அட்டவணையை ஒரு முறை படித்துவிடுங்கள், நான் சொன்னது உட்பட யார் சொன்னதையும் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடைசியாக உங்களுக்கு ஒரு வேலை. வரும் ஞாயிற்றுக்கிழமை அவனோடு கிரவுண்டுக்குப் போங்கள். முதலில் டேப் வைத்து அளக்கட்டும். அப்புறம் ஸ்டாப்வாட்சை நீங்கள் பிடியுங்கள், நண்பர்கள் பிடித்தால் கோட்டுக்கு நாலடி முன்னாலேயே அமுக்கிவிடுவார்கள். அவன் மார்பு கோட்டைத் தாண்டும்போது அமுக்குங்கள், வந்த நம்பரை நோட்டில் எழுதுங்கள். மூச்சு வாங்கும்போதே குழாயில் தொங்கச் சொல்லி, முழுசாக ஏறியதை மட்டும் எண்ணி, அதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அந்த இரண்டு நம்பரையும் எனக்கு அனுப்புங்கள்.