என்ஜின் எக்ஸ்: சோர்ஸிலிருந்து நிறுவும்போது

கேள்வி: லினக்ஸில் என்ஜின் எக்ஸ் வெப் சர்வரை சோர்ஸ் கோடிலிருந்து நிறுவப் பார்க்கிறேன். பிசிஆர்இ (ரெகுலர் எக்ஸ்பிரஷன்) லைப்ரரி இல்லை என்று, கம்பைலுக்குத் தயார்செய்யும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் நின்றுவிடுகிறது. லைப்ரரி ஏற்கெனவே இருக்கிறதே?

பதில்: உங்களிடம் இருப்பது, நிரல் ஓடுவதற்கான லைப்ரரி. கம்பைல் செய்ய அதன் ஹெடர் கோப்புகளும் வேண்டும். அவை தனி பேக்கேஜில் வருகின்றன. டெபியன், உபுண்டுவில் அந்த பேக்கேஜின் பெயர் ‘டெவ்’ என்று முடியும், ஃபெடோராவில் ‘டெவெல்’ என்று முடியும். பிசிஆர்இ2 (பிசிஆர்இயின் புதிய தலைமுறை), இசட்லிப் (தரவைச் சுருக்க), ஓப்பன்எஸ்எஸ்எல் (குறியாக்கத்துக்கு) மூன்றுக்கும் சேர்த்தே நிறுவிவிடுங்கள். பிசிஆர்இ2-ஐ என்ஜின் எக்ஸ் ஏற்பது 1.21.5 பதிப்பு முதல்தான். அதற்கு முந்தைய சோர்ஸ் என்றால் பழைய பிசிஆர்இ வேண்டும்.

பிசிஆர்இ இல்லையென்றால், அது தேவைப்படும் ரீரைட் மாட்யூலை (முகவரிகளை மாற்றி எழுதும் பகுதி) விலக்கிக்கொள்ளலாம் என்று கான்ஃபிகரே வழி சொல்லும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ரிட்டர்ன், இஃப், செட் ஆகிய கான்ஃபிக் கட்டளைகள் எல்லாம் அந்த மாட்யூலுக்குள்தான் இருக்கின்றன.

கான்ஃபிகர் முடிவில் வரும் சுருக்கத்தைப் படித்த பிறகே, கம்பைல் செய்யும் மேக் கட்டளையைக் கொடுங்கள். ஓப்பன்எஸ்எஸ்எல் பயன்படவில்லை என்று அதில் இருந்தால் எச்டிடிபிஎஸ் கிடைக்காது. எஸ்எஸ்எல் மாட்யூல் தானாகச் சேராது, கான்ஃபிகருக்கு நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். ரூட் உரிமை மேக் இன்ஸ்டாலுக்கு மட்டும் போதும். அதற்கு முந்தையவற்றை சாதாரண யூசராகவே செய்யுங்கள்.

கேள்வி: புதிய பதிப்பை மேக் இன்ஸ்டால் செய்து ரீலோடும் கொடுத்தேன். சர்வர் ஹெடரில் பழைய பதிப்பு எண்ணே வருகிறது.

பதில்: ரீலோட், கான்ஃபிக் கோப்பைத்தான் மறுபடி படிக்கும். ஓடிக்கொண்டிருக்கும் மாஸ்டர் (முதன்மை) ப்ராசஸ் பழைய நிரலாகவே இருக்கும். முதலில் புதிய நிரலைச் சிறிய ‘டி’ விருப்பத்தோடு ஓட்டி கான்ஃபிக்கைச் சோதியுங்கள். பிறகு மாஸ்டருக்கு யுஎஸ்ஆர்2 சிக்னல் அனுப்புங்கள். புதிய மாஸ்டர் எழும். பழையதன் பிஐடி (ப்ராசஸ் எண்) கோப்பின் பெயரில் ‘ஓல்ட்பின்’ ஒட்டிக்கொள்ளும். புதியது ஒழுங்காகப் பதில் தருவதைப் பார்த்துவிட்டு, பழைய மாஸ்டருக்கு க்விட் சிக்னல் அனுப்புங்கள். கையில் இருக்கும் கோரிக்கைகளை முடித்துவிட்டுத்தான் அது வெளியேறும்.

முன்பு கொடுத்த கான்ஃபிகர் விருப்பங்களை மறுபடி அப்படியே கொடுக்காவிட்டால் மாட்யூல்கள் விடுபடும். பெரிய ‘வி’ விருப்பத்தோடு பழைய நிரலை ஓட்டினால் அந்த விருப்பங்களைக் காட்டும். அது எழுதுவது ஸ்டாண்டர்ட் எரரில் என்பதால், கோப்பில் சேமிக்க வெறும் ‘>’ போதாது, ‘2>’ என்று கொடுக்க வேண்டும்.

கேள்வி: தொடங்கும்போது, 80ஆம் போர்ட்டில் பிழை எண் 98 வருகிறது.

பதில்: அந்த போர்ட்டை வேறொன்று பிடித்திருக்கிறது. பெரும்பாலும் அது பேக்கேஜ் வழியாக முன்பே நிறுவிய என்ஜின் எக்ஸ் அல்லது அப்பாச்சியாக இருக்கும். ‘எஸ்எஸ்’ கட்டளையை ‘எல்டிஎன்பி’ விருப்பங்களோடு ரூட்டாக ஓட்டினால் எந்த ப்ராசஸ் என்று தெரியும். அதை நிறுத்துவதோடு விடாமல், சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் டிசேபிளும் செய்யுங்கள். இல்லையென்றால் அடுத்த ரீபூட்டில் மறுபடி வந்து போர்ட்டைப் பிடித்துக்கொள்ளும்.