வட்டக் கிளைச் செயலாளர் பதவிக்கு எதிர்த்து நின்றால் சங்கத்தின் ஒற்றுமை கெடுமா?

தாராளமாக நில்லுங்கள். ஒற்றுமை கெட்டுவிடும் என்ற ஒரே காரணத்துக்காகப் பின்வாங்க வேண்டாம். நான் தென் மாவட்டம் ஒன்றில் அரசு ஊழியர் சங்கத்தின் வட்டக் கிளைச் செயலாளராக இருக்கிறேன். நான் தேர்வானதற்கு முந்தைய கிளை மாநாட்டில் இதே பதவிக்கு நின்று தோற்றவள். அந்தத் தோல்வியால் கிளைக்கு நடந்த நல்லதைக் கண்ணால் பார்த்ததால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்: ஊரக வளர்ச்சித் துறையில் உதவியாளர், ஒரே செயலாளர் பல மாநாடுகளாகத் தொடர்கிறார், போட்டி என்று வாயெடுத்ததும் மூத்தவர்கள் "நம்ம கிளையில ஓட்டுப்போட்ட வழக்கமே இல்லையே தம்பி" என்கிறார்கள், வீட்டிலோ இடமாறுதல் வந்துவிடும் என்று பயப்படுகிறார்கள்.

முதலில் அந்த வழக்கம். மாநாட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் நாலைந்து பேர் உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதுவார்கள். வருவாய்த் துறைக்குத் தலைவர், ஊரக வளர்ச்சிக்குச் செயலாளர், சுகாதாரத்துக்குப் பொருளாளர், பெண்களுக்கு என்று ஒரு துணைத் தலைவர், அலுவலக உதவியாளர்களுக்கும் சத்துணவு ஊழியர்களுக்கும் செயற்குழுவில் ஓர் இடம். மறுநாள் செயலறிக்கை வாசிப்பதற்குள் மதியச் சாப்பாடு வந்துவிடும், வரவு செலவு அறிக்கையை யாரோ முன்மொழிய யாரோ வழிமொழிய அது நிறைவேறிவிடும், பட்டியலை வாசிப்பார்கள், கை தட்டுவோம், மாவட்ட மையத்திலிருந்து வந்தவர் வாழ்த்திப் பேசுவார். யாரும் பணத்தைத் திருடவில்லை, யாரும் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த மண்டபத்தில் இருக்கிற ஒருத்தராவது, கடந்த மாநாட்டில் போட்ட தீர்மானங்கள் என்ன ஆயின, போராட்ட நிதியில் எவ்வளவு மிச்சம், சங்க டைரி விற்ற பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது என்று கேட்டாரா? கேட்க வேண்டிய தேவையே அந்த ஏற்பாட்டில் இல்லை. எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள் என்பதைத்தான் ஒற்றுமை என்று சொல்கிறோம், ஆனால் அடுத்த ஆர்ப்பாட்டத்துக்கு வட்டாட்சியர் அலுவலக வாசலில் நிற்கிறவர்களைப் பார்த்தால் அதே பழைய முகங்கள்தான் இருக்கும்.

நான் எதிர்த்து நின்றவர் சாதாரண ஆள் இல்லை. 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் டெஸ்மா (தமிழ்நாடு அத்தியாவசியப் பணிகள் பராமரிப்பு) சட்டத்தில் வேலை போனவர்களில் ஒருவர். உங்களுக்கு அந்தக் காலம் கேள்விப்பட்டதாக மட்டும் இருக்கலாம்: ஜூலை 2ஆம் தேதி தொடங்கிய வேலைநிறுத்தத்துக்காக ஏறக்குறைய 1.7 லட்சம் அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் அரசு ஒரே வீச்சில் டிஸ்மிஸ் செய்தது, நள்ளிரவில் வீடு புகுந்து கைது செய்தார்கள், ஆகஸ்ட் 6 அன்று தொழிற்சங்கத் தலைவர் டி.கே. ரங்கராஜன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமை சட்டப்படியும் இல்லை, அறத்தின்படியும் இல்லை என்று எழுதிவைத்தது. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துத்தான் பெரும்பாலோர் திரும்ப வந்தார்கள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அதுவும் உடனே கிடைக்கவில்லை, ஓய்வுபெற்ற நீதிபதிகள் விசாரித்த பிறகுதான் முடிவு. அப்படி ஒரு காலத்தைத் தாண்டி வந்தவரை எதிர்த்து, 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்ததால் பழைய ஓய்வூதியம் இல்லாமல், சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கிற பங்களிப்பு ஓய்வூதியத்தில் இருந்த நான் நிற்கிறேன் என்றால் மற்றவர்களுக்குக் கோபம் வராதா? வந்தது. மனு கொடுப்பதற்கு முன்னால் அவரிடமே நேரில் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நில்லும்மா, ஆனா வெளியாள் மாதிரிப் பேசாதே, தோத்தாலும் மறுநாள் சந்தா வசூலுக்கு வரணும்" என்றார். அந்தப் பேச்சுக்கு இன்றுவரை அவர்மேல் மரியாதை இருக்கிறது. நீங்களும் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். உங்கள் செயலாளர் இந்தச் செய்தியை வேறு யார் வாயிலிருந்தும் கேட்கக் கூடாது.

எதற்காக நிற்கிறீர்கள் என்பதை அடுத்து யோசியுங்கள். "மாற்றம் வேண்டும்" என்பதற்கு யாரும் ஓட்டுப் போட மாட்டார்கள். எங்கள் கிளையில் எனக்குச் சொல்வதற்கு ஒரு விஷயம் இருந்தது. நிர்வாகிகளில் பெரும்பாலோர் பழைய ஓய்வூதியத்தில் இருந்தவர்கள், உறுப்பினர்களில் பெரும்பாலோர் அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் 10 சதவீதம் மாதாமாதம் பிடிக்கப்படுகிறவர்கள். மேடையில் பங்களிப்பு ஓய்வூதியத்தை ரத்து செய் என்று எல்லாரும்தான் முழங்கினோம், ஆனால் ஒரு பங்களிப்பு ஓய்வூதியக்காரர் பணியில் இருக்கும்போதே இறந்துபோனால் அவர் கணக்கில் இருக்கும் பணத்தை வாங்குவதற்கு அந்தக் குடும்பம் என்ன பாடுபடுகிறது என்பது நிர்வாகிகளுக்குப் பழக்கமே இல்லாத விஷயம், ஏனென்றால் அவர்கள் பார்த்து வளர்ந்தது குடும்ப ஓய்வூதியம் உள்ள உலகம். விடுபட்ட மாதங்களின் பிடித்தம், பழைய அலுவலகத்திலிருந்து வராத பட்டியல், கணக்கு எண்ணே ஒதுக்கப்படாமல் வருடக்கணக்கில் ஓடியது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கதை இருந்தது. நான் செய்ததெல்லாம் அதை உட்கார்ந்து கேட்டதும், ஒவ்வொருவரின் கணக்குத்தாளையும் சம்பளப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கொடுத்ததும்தான். பிரசாரம் என்று தனியாக நான் எதையும் செய்யவில்லை.

இது ரொம்ப முக்கியம் என்பதால் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். சங்கப் பொறுப்பு என்பது பதவிக்கு வருவதற்கு முன்பே பார்க்கத் தொடங்க வேண்டிய வேலை. பணிப்பதிவேட்டில் சரிபார்ப்புப் பதிவு விடுபட்டிருந்தால் ஓய்வுபெறும் நேரத்தில் என்ன ஆகும் என்று தெரிந்திருக்க வேண்டும். கருணை அடிப்படையில் வேலை கேட்பவர்கள், ஊழியர் இறந்த தேதியிலிருந்து 3 ஆண்டுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். துக்க வீட்டில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள், காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்தாவது போய் அந்த அம்மாவிடம் சொல்லி, வாரிசுச் சான்றுக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று கூடவே அலைய ஆள் வேண்டும். காப்பீட்டு அட்டையைக் காட்டியும் தனியார் மருத்துவமனையில் முன்பணம் கட்டு என்று ராத்திரி பதினோரு மணிக்குச் சொன்னால் யாருக்குப் போன் செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும். தலைவர்கள் நல்ல பேச்சாளர்களாக இருக்கலாம், ஆனால் இரவுக் காவலர் ஒருவர் தன் ஊதிய நிர்ணயம் தப்பு என்று ஒரு கசங்கின காகிதத்தை நீட்டும்போது அதைப் படித்துப் புரிந்துகொள்கிறவருக்குத்தான் என் ஓட்டு.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் கிளையில் உறுப்பினர்களில் பெண்கள் நிறையப் பேர், கூட்டத்தில் மட்டும் யாரையும் பார்க்க முடியாது. காரணம் ஆர்வம் இல்லை என்பார்கள். ஆறு மணிக்குக் கூட்டம் என்று போட்டு ஏழு மணிக்குத் தொடங்கினால், கடைசி பஸ்ஸைப் பிடித்து இரண்டு ஊர் தாண்டிப் போக வேண்டியவர் எப்படி வருவார்? செயற்குழுவை உணவு இடைவேளைக்கும் சனிக்கிழமை முற்பகலுக்கும் மாற்றுவேன் என்றுதான் முதல் தடவையே சொன்னேன். உங்களிடம் இப்படிக் கையில் தொட்டுக் காட்டக்கூடிய ஒரு வாக்குறுதி இருந்தால் போதும். சம்பளக் குழு, பழைய ஓய்வூதியம் எல்லாம் மாநில மையத்தில் பேசித் தீர்க்க வேண்டியவை, வட்டக் கிளைச் செயலாளர் அதைக் கொண்டுவருவேன் என்று சொன்னால் கேட்கிறவர்களுக்கே நம்பிக்கை வராது.

சாதி பற்றிப் பேசாமல் விட முடியாது. யாராவது ஒருவர் உங்களைத் தனியாக அழைத்து "நம்ம ஆளுங்க இத்தனை பேர் இருக்காங்க" என்று கணக்குச் சொல்லுவார். அந்த இடத்திலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த ஓட்டில் ஜெயித்தால் அலுவலகத்தில் ஒரு துப்புரவுப் பணியாளர் அவமதிக்கப்படும்போது உங்களால் வாய் திறக்க முடியாது. கட்சிக்காரர்களுக்கும் இதே பதில்தான்.

சரி, வீட்டுப் பயம். அது நியாயமானது, மறைக்காமல் பேசுங்கள். சங்கம் வைத்துக்கொள்ளும் உரிமை அரசியலமைப்பின் 19(1)(இ) பிரிவிலேயே இருக்கிறது, சங்கத் தேர்தலில் நிற்பதற்காக யாரும் உங்கள்மேல் நடவடிக்கை எடுக்க முடியாது. ஆனால் 1973ஆம் ஆண்டு அரசு ஊழியர் நடத்தை விதிகளில் வேலைநிறுத்தத்துக்குத் தடை இருக்கிறது, செயலாளர் என்றால் போராட்ட அறிவிப்பு வந்ததும் முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கும். 2019 ஜனவரி 22 முதல் 30 வரை ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ ஜியோவின் வேலைநிறுத்தம் நடந்தபோது எனக்கும் ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 17பி பிரிவில் குற்றக் குறிப்பாணை வந்தது. 17பி நிலுவையில் இருக்கும்வரை பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வராது, எனக்குப் பின்னால் இருந்தவர்கள் மேலே போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 2021 பிப்ரவரியில்தான் அந்த நடவடிக்கைகளைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். தற்காலிகப் பணிநீக்கம் செய்தால் பிழைப்பூதியம் முதலில் பாதிச் சம்பள அளவுதான். வீட்டுக் கடன் தவணை, பிள்ளைகள் படிப்பு எல்லாவற்றையும் வைத்து, இப்படி நடந்தால் எத்தனை மாதம் தாங்குவோம் என்று மனைவியோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டு நில்லுங்கள். அவர்கள் தெரிந்து சம்மதித்தால் பிறகு வரும் எதையும் சேர்ந்து தாங்கலாம். இடமாறுதல் எப்படியும் சங்கத்தில் இல்லாதவர்களுக்கும் வருவதுதான்.

அப்புறம், தோற்றால்? நான் தோற்றபோது வித்தியாசம் பெரிதாக இல்லை, ஆனால் தோல்வி தோல்விதான், அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் சொன்னபடி சந்தா வசூலுக்குப் போனேன். அதன் பிறகு நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. ஓட்டுப் போட்டவர்கள் எல்லாரும் தாங்கள் யாருக்குப் போட்டார்கள், ஏன் போட்டார்கள் என்று பேசத் தொடங்கினார்கள். அடுத்த செயற்குழுவில் வரவு செலவைப் பொருளாளர் வரி வரியாக வாசித்தார், ஒரு பதிவறை எழுத்தர் எழுந்து கேள்வி கேட்டார், செயலாளர் கோபப்படாமல் பதில் சொன்னார். கூட்ட நேரத்தை அவரே மாற்றினார். என்னை இணைச் செயலாளர் பொறுப்புக்கு அழைத்ததும் அவர்தான், போராட்டக் காலத்தில் கைதாகிக் கல்யாண மண்டபத்தில் அடைத்து வைத்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்து, எந்த மனுவை யாருக்கு எழுதுவது என்று கற்றுக்கொடுத்ததும் அவர்தான். போட்டி இல்லாமல் அவர் பெருந்தன்மையாக எனக்குப் பதவியை விட்டுக்கொடுத்திருந்தால் இதில் ஒன்றும் நடந்திருக்காது, நான் இன்னொரு பட்டியலில் இன்னொரு பெயராக இருந்திருப்பேன்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: தோற்றதும் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு புதிய சங்கம் தொடங்குவது. துறைவாரியாக ஏற்கனவே நாம் எத்தனையோ சங்கங்களாகக் கிடக்கிறோம், பேச்சுவார்த்தை மேசையில் அரசு அதைத்தான் எதிர்பார்க்கிறது. உள்ளே நின்று தோற்பதில் அவமானம் எதுவும் கிடையாது.

நடைமுறைக்கு வருவோம். மாநாட்டுத் தேதி அறிவித்த உடனே சங்கத்தின் அமைப்பு விதிகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். சந்தா நிலுவை இருந்தால் நிற்கவும் முடியாது, முன்மொழியவும் முடியாது என்று பெரும்பாலான சங்கங்களில் இருக்கும், அதனால் உங்கள் ரசீதையும் முன்மொழிபவர், வழிமொழிபவர் ரசீதுகளையும் இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர் பட்டியல் எந்தத் தேதி வரைக்கும் என்பதை மாவட்ட மையத்திடம் கேட்டு உறுதி செய்யுங்கள், கடைசி வாரத்தில் மொத்தமாக உறுப்பினர் சேர்ப்பது இரண்டு பக்கமும் நடக்கும். கை தூக்கி ஓட்டெடுப்பு என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், மேலதிகாரியும் கீழே வேலை பார்ப்பவரும் ஒரே அறையில் இருக்கும்போது அலுவலக உதவியாளர் எப்படி மனம்போலக் கை தூக்குவார்? ரகசிய வாக்குச் சீட்டு வேண்டும் என்று மாநாட்டுக்கு முன்பே எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.