ஒரு போட்டோதானே என்று கேட்கிறான், என்ன சொல்வது?

இந்த முறை கேள்விகளைப் பிரித்து அடுக்கியபோது ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. பிள்ளைகள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் அந்தரங்கப் படங்கள், அதன் பிறகு நடப்பவை. செக்ஸ்டிங் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். டெல்டாவில் இதெல்லாம் இல்லை என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டாமல் படிக்க வேண்டும். எழுதியவர்களின் பெயரையும் அடையாளம் தரும் விவரங்களையும் எடுத்துவிட்டேன்.

*அக்கா, நான் பதினொன்றாம் வகுப்பு. கும்பகோணத்துக்கு டியூஷன் போகும்போது ஒருத்தன் பழக்கம், நல்லவன்தான். இப்போ ஒரு மாதிரி போட்டோ கேட்கிறான். "ஒரு தடவை பார்த்ததும் தானா அழிஞ்சிடும், எல்லாரும்தான் அனுப்புறாங்க, என் மேல நம்பிக்கை இல்லையா" என்கிறான். அனுப்பலைன்னா பேச மாட்டானோன்னு பயமா இருக்கு.*

தங்கச்சி, முதலில் அந்த "எல்லாரும்" யார் என்று பார்ப்போம். 2018-இல் ஓர் அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழில், அதுவரை வந்த 39 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து ஒரு கட்டுரை வந்தது. ஏறத்தாழ 1 லட்சத்து 10 ஆயிரம் பிள்ளைகள், பெரும்பாலும் மேலை நாடுகளில் இருப்பவர்கள். அதில் இப்படி அனுப்பியவர்கள் 14.8 சதவீதம். அதாவது அங்கேயே நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் அனுப்பவில்லை. அனுப்பாதவள் அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவதில்லை, அனுப்பினது மட்டும்தான் பேச்சாகிறது, அதனால்தான் உலகமே அனுப்புகிற மாதிரித் தோன்றுகிறது. அதே கட்டுரையில் இன்னொரு எண் இருக்கிறது: தனக்கு வந்ததை அனுமதி இல்லாமல் வேறு ஒருவருக்குத் தள்ளிவிட்டவர்கள் 12 சதவீதம். உன் ஆளுக்கு இதையும் சொல்லலாம்.

தானாக அழிகிற கதைக்கு வருவோம். வாட்ஸ்ஆப்பில் ஒருமுறை மட்டும் திறக்கும் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுக்க விடாது, உண்மைதான். பக்கத்தில் இருக்கிறவனின் போனை வாங்கி மேலே பிடித்து ஒரு கிளிக் செய்தால் அவ்வளவுதான், அதை எந்த ஆப்பும் தடுக்காது.

அவன் கேட்ட வரிசையையும் கொஞ்சம் யோசித்துப் பார். முதலில் சாதாரண செல்ஃபி, அப்புறம் புது டிரஸ், அப்புறம் ராத்திரி பதினொரு மணிக்கு "இப்ப எப்படி இருக்க" என்று ஒன்று. அப்படித்தானே வந்திருக்கும்? 1966-இல் கலிபோர்னியாவில் ஃப்ரீட்மன், ஃப்ரேசர் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். வண்டியைப் பார்த்து ஓட்டுங்கள் என்ற சின்ன அட்டையை ஜன்னலில் ஒட்டச் சொல்லி வீடு வீடாகக் கேட்டார்கள், பலர் ஒட்டினார்கள். இரண்டு வாரம் கழித்து வேறு ஆள் வந்து, அதே விஷயத்துக்காகப் பெரிய, அசிங்கமான பலகை ஒன்றை உங்கள் வாசலில் நடலாமா என்று கேட்டார். முன்பு அட்டை ஒட்டியவர்களில் பெரும்பாலோர் சரி என்றார்கள். நேரடியாகப் பலகையைக் கேட்கப்பட்டவர்களில் மிகச் சிலரே சம்மதித்தார்கள். சின்னதுக்குத் தலையாட்டினவருக்குப் பெரியதை மறுக்க வாய் வராது. அவன் திட்டம் போட்டுத்தான் கேட்டான் என்று நான் சொல்லவில்லை, அவனுக்கே தெரியாமலும் நடந்திருக்கலாம், ஆனால் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"அனுப்ப மாட்டேன், இனிமேல் இதைக் கேட்காதே." இவ்வளவு போதும். காரணம் சொல்லாதே, சொன்னால் அதற்கு ஒரு பதில் வைத்திருப்பான். அதற்குப் பிறகு அவன் என்ன செய்கிறான் என்று பார். சரி என்று விட்டுவிட்டு வழக்கம்போலப் பேசினால் பேசட்டும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலோ, மிரட்டினாலோ, நல்லவன் என்று நீ எழுதியதை நீயே திருத்திக்கொள்ளலாம்.

*மன்னார்குடி பக்கத்துக் கிராமம். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். பத்தாவது படிக்கும் மகளின் படம் வகுப்புப் பையன்களின் வாட்ஸ்ஆப் குரூப்பில் சுற்றிவிட்டது. இவளேதான் ஒருவனுக்கு அனுப்பியிருக்கிறாள். கொழுந்தனார் போனைப் போட்டு உடைத்துவிட்டார். பள்ளியை நிறுத்தி, என் அண்ணன் பையனுக்குப் பேசி முடித்துவிடலாம் என்கிறார். அவள் சாப்பிடவே மாட்டேன் என்கிறாள்.*

அம்மா, கடைசி வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். இன்று ராத்திரி அவளைத் தனியாகப் படுக்க விடாதீர்கள். "செத்துடலாம் போல இருக்கா?" என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றாலோ, பேசாமல் இருந்தாலோ 14416-க்குப் போன் செய்யுங்கள். அரசின் டெலிமனஸ் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். பூச்சிமருந்து டப்பா கொல்லையில் கிடந்தால் அதைப் பூட்டி வையுங்கள். விவசாய வீடு என்பதால் இதைச் சொல்கிறேன்.

பதினைந்து வயதில் ஊரே தன்னைத்தான் பார்க்கிறது என்று தோன்றும். டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் 1967-லேயே இதைப் பற்றி எழுதினார், கற்பனையாக ஒரு கூட்டத்தை மனசு தன்னைச் சுற்றி வைத்துக்கொள்கிறது என்று. முகத்தில் ஒரு பரு வந்தாலே வெளியே போக மறுக்கும் வயசு. உங்கள் மகளுக்கு அந்தக் கூட்டம் கற்பனை இல்லை, நிஜமாகவே வந்து நிற்கிறது. அதனால் "ஏன் அனுப்பின" என்ற விசாரணையைத் தள்ளி வையுங்கள். அதற்கான பதிலை இந்த வாரம் அவளே ஆயிரம் தடவை தனக்குள் சொல்லிப் பார்த்திருப்பாள். எனக்கு இதில் ஒரு கோபம் உண்டு, மறைக்கவில்லை. அவள் ஒருவனுக்கு அனுப்பினாள். அவன் குரூப்பில் போட்டான். குரூப்பில் இருந்தவர்கள் தள்ளிவிட்டார்கள். பள்ளியை நிறுத்த வேண்டும் என்று கொழுந்தனார் சொல்வது இவளை மட்டும்தான், அந்தப் பையன்களில் ஒருவனையாவது நிறுத்தச் சொன்னாரா? பையன் என்றால் வயசுக் கோளாறு, பெண் என்றால் நடத்தை. இந்தத் தராசை வைத்துக்கொண்டு இருப்பதால்தான் மிரட்டுகிறவனுக்கு மிரட்ட ஏதோ ஒன்று கிடைக்கிறது.

கல்யாணப் பேச்சை இன்றே நிறுத்துங்கள். 18 வயதுக்குள் செய்தால் 2006-ஆம் வருடச் சட்டப்படி குற்றம், நடத்தி வைத்த பெரியவர்கள்தான் உள்ளே போவார்கள். அவர் ஊருக்குப் பயந்து சொல்கிறார், புரிகிறது. ஆனால் உடனே கட்டிக் கொடுத்தால் ஊர் வாயை மூடிக்கொள்ளும் என்று யார் சொன்னது?

உடைந்த போனைத் தூக்கி எறிய வேண்டாம், அதில் சாட்சி இருக்கிறது. யார் போட்டது, எந்த எண், எந்த குரூப், எந்தத் தேதி என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். மிரட்டல் செய்தி வந்திருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். ஆனால் அந்தப் படத்தை மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள். கணவருக்கு, வகுப்பு ஆசிரியருக்கு, "சாட்சிக்காக" கொழுந்தனாருக்கு என்று போனால் அதுவும் பரப்புவதுதான்.

அப்புறம் 1098. குழந்தைகளுக்கான அந்த எண்ணில் சொல்லலாம், அனைத்து மகளிர் காவல் நிலையத்திலும் சொல்லலாம், உள்துறையின் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது, அங்கே பெயர் சொல்லாமலும் எழுதலாம். 2012-ஆம் வருடப் போக்சோ சட்டப்படி மகளை ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. வீட்டிலோ அவள் சொல்லும் இடத்திலோ வாக்குமூலம் வாங்க வேண்டும், கூடுமானவரை பெண் எஸ்.ஐ. அல்லது அதற்கு மேல் உள்ள பெண் அதிகாரி, சீருடை இல்லாமல். பெயரை வெளியிடக் கூடாது. 2019-இல் பொள்ளாச்சி வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல்துறையே வெளியே சொல்லிவிட்டது, அதனால் உங்கள் பயத்தை வீண் என்று தள்ள மாட்டேன். அந்தத் தவறுக்காக உயர் நீதிமன்றம் இழப்பீடு தரச் சொன்னதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். போகும்போது கேட்டு வாங்க வேண்டிய உரிமை அது.

படத்தை எடுக்க வைப்பது பற்றி. 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இப்படிப்பட்ட படம் பற்றிப் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ புகார் கொடுத்தால் அந்தத் தளம் அதை நீக்க வேண்டும். முதலில் 24 மணி நேரம் கெடு இருந்தது, 2026 பிப்ரவரியில் அதை 2 மணி நேரமாகக் குறைத்துவிட்டார்கள். மார்பிங் படத்துக்கும் அது பொருந்தும். டேக் இட் டவுன் என்று ஓர் இலவச சேவையும் இருக்கிறது, அமெரிக்காவில் காணாமல் போன குழந்தைகளுக்காக இயங்கும் மையம் நடத்துவது. 18 வயதுக்குள் எடுத்த படம் என்றால் யாரும் பயன்படுத்தலாம். படத்தை அவர்களுக்கு அனுப்ப வேண்டாம், நம் போனிலேயே அந்தப் படத்துக்குக் கைரேகை மாதிரி ஓர் எண் தயாராகும், அந்த எண் மட்டும் போகும். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்ற தளங்களில் அதே படம் ஏறினால் பிடித்து எடுப்பார்கள். வாட்ஸ்ஆப் போலப் பூட்டிய அரட்டைக்குள் அது போகாது, அங்கே போலீஸ்தான்.

வீட்டுக்காரரிடம் நீங்களே இன்று பேசுங்கள். கொழுந்தனார் சொல்லித் தெரிந்தால் அவர் அங்கிருந்தே கத்துவதுதான் நடக்கும்.

*நான் பிளஸ் டூ, திருத்துறைப்பூண்டி. குரூப்பில் ஒரு பொண்ணு போட்டோ வந்தது. நான் எடுக்கலை, கேட்கலை. ஒரே ஒருத்தனுக்குத்தான் அனுப்பினேன். இது தப்பா?*

தப்பு, தம்பி. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில், 18 வயதுக்குட்பட்டவரின் ஆபாசப் படத்தைச் சேர்த்து வைப்பதும் பரப்புவதும் குற்றம், முதல் முறையே 5 வருடம் வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம். 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், போனில் இறக்கித் தனியாகப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று ஒரு வழக்கில் சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவர்கள் உன் நண்பர்களிலும் இருக்கலாம். அதே வருடம் செப்டம்பர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. உனக்கு 18 ஆகவில்லை என்றால் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும், வழக்கு இல்லாமல் போகாது.

ஏன் அனுப்பினாய் என்று நீயே யோசித்திருப்பாய். அந்தப் பொண்ணு மேல் கோபமா? இருக்காது. குரூப்பில் நீயும் ஒரு ஆள் என்று காட்ட. 2005-இல் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் இருவரும் பதின்ம வயதினரையும் பெரியவர்களையும் கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டு ஆட வைத்தார்கள். தனியாக ஆடியபோது பெரிய வித்தியாசம் இல்லை. கூட நண்பர்கள் நின்றபோது பதின்ம வயதினர் எடுத்த ஆபத்து எகிறியது, பெரியவர்களிடம் மாற்றமே இல்லை. வாட்ஸ்ஆப் குரூப்பில் நண்பர்கள் எப்போதும் கூடவே நிற்கிறார்கள், நீ படுக்கையில் தனியாக இருக்கும்போதும். இது காரணம், சாக்கு ஆகாது.

நீ அனுப்பினவன் அடுத்து யாருக்கும் அனுப்பாமல் இன்றே தடுத்துப் பேசு. வீட்டில் ஒரு பெரியவரிடம் சொல். தஞ்சாவூர், திருவாரூர் என்று ஒவ்வொரு மாவட்டத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, பிள்ளைகளுக்கு இலவசமாக வக்கீல் தருவார்கள், 15100-இல் கேட்கலாம். அவர்களைக் கேட்டுக்கொண்டு அடுத்த அடி வை. அந்தப் பொண்ணுக்கு நீயாக மன்னிப்பு மெசேஜ் அனுப்பாதே, அவளுக்கு இப்போது வேண்டாத நம்பர்களில் உன்னுடையதும் ஒன்று.

*மயிலாடுதுறைப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியர். எங்கள் மாணவி ஒருத்தியின் படத்தை ஒரு பையன் பரப்பிவிட்டான். இரு வீட்டாரையும் கூப்பிட்டுப் பேசி முடிக்கலாம், பள்ளிப் பெயர் கெடக் கூடாது என்கிறார் நிர்வாகி. நான் என்ன செய்ய?*

சார், பேசி முடிக்க உங்களுக்கும் அவருக்கும் உரிமை இல்லை. போக்சோவின் 19-ஆம் பிரிவுப்படி தெரிந்தவர் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காவிட்டால் 6 மாதம் வரை சிறை. நிர்வாகியிடம் இந்தப் பிரிவு எண்ணைச் சொல்லிப் பாருங்கள், பேச்சின் தொனி மாறும். காலை வணக்கக் கூட்டத்தில் பெயர் சொல்லாமல் "ஒரு மாணவி" என்று அறிவுரை சொல்லும் வழக்கம் வேறு இருக்கிறது. முந்நூறு பேரும் திரும்பி யாரைப் பார்ப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அதைத் தடுத்தாலே பெரிய உதவி.

*திருவையாறு. பேத்திக்குப் போன் வாங்கிக் கொடுத்ததே தப்பு. பிடுங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. சரிதானே? – ஒரு தாத்தா*

ஐயா, 2020-இல் பள்ளியை மூடி, பாடத்தைப் போனில் அனுப்பியது நாம்தான். இப்போது பிடுங்கினால் தோழி போனில் பார்ப்பாள், அதோடு உங்களிடம் சொல்லவும் மாட்டாள். போன் இல்லாத பிள்ளையின் படத்தையும் ஆண்டு விழா போட்டோவிலிருந்து எடுத்து ஏஐ வைத்து மாற்றிவிடுகிறார்கள், அதற்கு அவள் ஒன்றுமே அனுப்பியிருக்க வேண்டாம். ராத்திரி பத்து மணிக்கு மேல் வீட்டில் எல்லாருடைய போனும் கூடத்தில் இருக்கட்டும் என்று ஒரு ஏற்பாடு செய்யுங்கள், உங்களுடையதும் சேர்த்து.

*நாகப்பட்டினம், வயசு 17. இன்ஸ்டாவில் ஒரு பொண்ணு வீடியோ கால் பண்ணினாள். ரெக்கார்டு பண்ணி வைத்துக்கொண்டு பணம் கேட்கிறார்கள். 4,000 ரூபாய் அனுப்பிவிட்டேன். இன்னும் கேட்கிறார்கள். என் ஃபாலோயர் லிஸ்ட்டையே அனுப்பிக் காட்டுகிறார்கள்.*

தம்பி, அந்தப் பக்கம் பொண்ணே இல்லாமல் இருக்கலாம், ஏற்கனவே எடுத்த வீடியோவை ஓட விட்டுப் பிடிக்கிற கும்பல்கள் உண்டு. பொண்ணுகளுக்குத்தான் இந்த ஆபத்து என்று நினைத்துக்கொண்டு பையன்களை யாரும் எச்சரிப்பதில்லை, அதுதான் இவர்களுக்கு வசதி. இனி ஒரு ரூபாய் அனுப்பாதே. ஒரு தடவை கொடுத்தவன் மறுபடி கொடுப்பான் என்பதே அவர்கள் கணக்கு. அக்கவுன்ட் பெயர், போன் நம்பர், மிரட்டல் மெசேஜ், பணம் போன யுபிஐ பரிவர்த்தனை எண் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு பிளாக் செய். ஃபாலோயர் லிஸ்ட்டை யாரும் பார்க்க முடியாதபடி அக்கவுன்ட்டைப் பிரைவேட் ஆக்கு. அந்தப் பரிவர்த்தனை எண்ணோடு இன்றே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் பேசு, தாமதமாக ஆக பணம் வேறு கணக்குகளுக்குக் கைமாறிவிடும். அப்பாவிடம் சொல்லப் பயம் என்று எழுதியிருக்கிறாய். அக்கா கல்யாணமாகி வேளாங்கண்ணியில்தானே இருக்கிறாள் என்றும் எழுதியிருக்கிறாய். அவளைக் கூப்பிடு, அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது 1930-க்குப் போன் போடு.