வேலியில் ஏறும் களைக்கொடிகள்: கேள்விகளும் பதில்களும்

மதுரை: அக்கா, செம்பருத்தி வேலி மேல மஞ்சள் நூல் மாதிரி ஒன்று மண்டிக் கிடக்கு. இலையே இல்லை. ரெண்டு தடவை உருவி எறிந்தும் திரும்ப வருது.

அது அம்மையார் கூந்தல், தம்பி. ஓர் இழையை மெல்லத் தூக்கிப் பாருங்கள். செம்பருத்தித் தண்டைச் சுற்றியிருக்கும் உள்பக்கத்தில் சின்னச் சின்ன முண்டுகள் வரிசையாகத் தெரியும். அவை தண்டைத் துளைத்து உள்ளே போய்ச் சாற்றை உறிஞ்சுகின்றன. நீங்கள் உருவியபோது நூல்தான் கையோடு வந்தது. முண்டும் அதை ஒட்டிய துணுக்கும் தண்டிலேயே தங்கிவிட்டன. அதிலிருந்துதான் மறுபடி துளிர்க்கிறது.

நூலோடு மல்லுக்கட்ட வேண்டாம். அது சுற்றியிருக்கும் கிளையையே, கடைசிச் சுற்றுக்கு ஒரு சாண் கீழே வெட்டிவிடுங்கள். செம்பருத்தி தாங்கும், மறுபடி தழைத்துவிடும். வெட்டியதை வேலியோரம் போட்டால், விரல் நீளத் துண்டுகூடப் பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொள்ளும். பையில் இறுகக் கட்டி, முழுக்கக் காய்ந்து சருகாகும்வரை வெயிலில் வையுங்கள். வெள்ளைப் பூ தெரிவதற்குள் இதை முடித்துவிட வேண்டும். விதை கொட்டிவிட்டால் பத்து வருஷம்கூட மண்ணில் உயிரோடு கிடக்கும்.

அதே தம்பி: தரையில் வேரைத் தேடினேன், கிடைக்கவே இல்லையே?

கிடைக்காது. முளைக்கும்போது மட்டும் ஒரு சின்ன வேர் இருக்கும். செடியைப் பிடித்ததும் அது காய்ந்துபோகும். பிடிக்கச் செடி கிடைக்காவிட்டால் முளை சில நாளில் செத்துவிடும். அதனால் மழைக்குப் பிறகு வேலியடியில் மஞ்சள் முளை தெரிகிறதா என்று தினமும் ஒரு பார்வை பாருங்கள். அந்த வயதில் விரலால் கிள்ளினாலே போதும்.

கூடலூர்: சீந்தில் என்று நினைத்து விட்டுவிட்டேன் அம்மா. இப்போது மிளகுக்கொடியையே மூடிவிட்டது.

மனசு சங்கடமாகத்தான் இருக்கிறது. சீந்திலுக்கும் உங்கள் கொடிக்கும் இலை இதய வடிவம், ஆனால் கணுவைப் பாருங்கள். சீந்திலில் கணுவுக்கு ஓர் இலை. முற்றிய தண்டில் மேல்தோல் காகிதம்போல உரியும். உங்களிடம் கணுவுக்கு இரண்டு இலை எதிரெதிராக இருந்தால் அது மைக்கேனியா, அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த கொடி. ஒரே நாளில் 8 செ.மீ. வரைகூட நீளும். தரையைத் தொடும் கணுவெல்லாம் வேர்விடும்.

முதலில் அடியில் அறுத்துவிட்டு, மேலே இருப்பதை வாடவிடுங்கள். பச்சையாக இழுத்தால் மிளகும் சேர்ந்து வந்துவிடும். மண் ஈரமாக இருக்கும்போது ஒவ்வொரு கணுவாகத் தூக்கி வேரோடு எடுங்கள். நான் ஒருமுறை இதை உரக்குழியில் போட்டு, அடுத்த மழையில் குழி முழுக்கப் பச்சையாகக் கிடந்ததைப் பார்த்தேன். அதிலிருந்து, பாறைமேல் பரப்பிக் காயவைத்த பிறகுதான் குழிக்குப் போகும். விதை பஞ்சோடு காற்றில் பறக்கும் என்பதால் பூக்குமுன் எடுப்பது முக்கியம். பக்கத்துத் தோட்டக்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சென்னை: கொடி ரோஸை மூன்று முறை தரையோடு வெட்டிவிட்டோம். மறுபடி வருகிறது.

பேரில்தான் ரோஸ், இது இளஞ்சிவப்புப் பூக்கும் ஆன்டிகோனான் கொடி. மண்ணுக்கடியில் கிழங்கு இருக்கிறது. கடப்பாரையால் ஆழத் தோண்டிக் கிழங்கை எடுக்காமல் தீராது. சுவரடியில் தோண்ட முடியாவிட்டால், துளிர் வர வரக் கிள்ளிக்கொண்டே இருங்கள். பல மாதம் விடாமல் செய்தால் கிழங்கு இளைத்துவிடும். தேனீக்கள் மொய்க்கும் பூ, எனக்கும் பிடிக்கும். ஆனால் மாமரத்தில் ஏறவிடக் கூடாது.

தூத்துக்குடி: வலைக்குள் இருக்கும் ஆரஞ்சு நிறப் பழத்தைப் பையன் தின்றுவிட்டான். பயமாக இருக்கிறது.

கசக்கினால் இலை நாறுமா? அப்படியானால் சிறுபூனைக்காலி. நன்றாகப் பழுத்ததைத் தின்னலாம். காயில் நச்சுண்டு, அதைத் தின்றிருந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பறவைகள் விதையைப் பரப்பும். இளசாக இருக்கும்போதே பிடுங்குவது சுலபம்.

திருச்சி: இவ்வளவு பாடு எதற்கு, கிளைபோசேட் களைக்கொல்லி அடித்தால் என்ன? கல்லுப்பு?

இரண்டும் வேண்டாம். பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் வழியாகத்தான் கிளைபோசேட்டைப் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு 2022-இல் அறிவித்தது. கொடி பின்னிக் கிடக்கும் செடிமேலும் அது படும், அதுவும் காயும். உப்பு மண்ணையே கெடுத்துவிடும்.

திண்டுக்கல்: கோவைக்கொடியையும் பிடுங்கணுமா?

வேண்டாம், சகோதரி. அது நம்ம ஊர்க் கொடி. பழத்துக்குக் கிளி வரும். முடக்கத்தானையும் விட்டுவையுங்கள், தோசைக்கு ஆகும். இளங்கன்றுமேல் ஏறினால் மட்டும் இறக்கி வேலிப்பக்கம் திருப்பிவிடுங்கள்.